கேபிள் போன வழியே புகையும் போகும்

2025 ஏப்ரல் 29, செவ்வாய்க்கிழமை இரவு. கொல்கத்தா புர்ராபஜார் வட்டாரத்தில், மெச்சுவா பழச் சந்தைக்குப் பக்கத்திலிருக்கும் ரிதுராஜ் ஹோட்டலில் தீப்பிடித்தது. 14 பேர் இறந்தார்கள். அவர்களில் மூவர் கரூரிலிருந்து போய்த் தங்கியிருந்த ஒரே குடும்பத்தார்: ஒரு தாத்தா, இரண்டு பேரக்குழந்தைகள். தீ பிடித்தது கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்த முதல் மாடியில். பெரும்பாலோர் செத்தது தீக்காயத்தால் இல்லை, மூச்சுத் திணறி. ஜன்னல்கள் சில செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தன. தீயணைப்புத் துறையின் சான்று காலாவதியாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

வெளியே புகை போகவேண்டிய ஜன்னலை அடைத்துவிட்டார்கள். உள்ளே புகை ஏறக்கூடாத வழிகளைத் திறந்தே விட்டிருந்தார்கள். கொல்கத்தாவின் தீ விபத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டு போனால் இதே கதை திரும்பத் திரும்ப வருகிறது. நெருப்பு ஒரு மாடியில், சாவு வேறொரு மாடியில். 2010 மார்ச் 23 அன்று பார்க் ஸ்ட்ரீட்டின் ஸ்டீஃபன் கோர்ட் கட்டடத்தில் 43 பேர் போனார்கள். அங்கே மேல் இரண்டு மாடிகளே அனுமதி இல்லாமல் எழுப்பப்பட்டவை. 2021 மார்ச் 8 அன்று ஸ்ட்ராண்ட் ரோட்டில் ரயில்வேயின் நியூ கொய்லாகாட் கட்டடத்தின் 13ஆம் மாடியில் தீ. இறந்த 9 பேரில் தீயணைப்பு வீரர்கள் நான்கு பேர். பலரைக் கொண்டுபோய்ப் புகைக்குள் இறக்கியது லிஃப்ட்.

எல்லாவற்றிலும் பாடமாக எடுத்துக்கொள்ளவேண்டியது ஆம்ரி மருத்துவமனைத் தீ. லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழர்களுக்கு, அந்த மருத்துவமனை இருந்த டாகுரியா அடுத்த பேட்டைதான். 2011 டிசம்பர் 9, விடிவதற்கு முன்னால், மருத்துவமனையின் பின்பக்கக் கட்டடத்தின் அடித்தளத்தில் தீ மூண்டது. கார் நிறுத்த அனுமதி வாங்கிய இடம், சாமான் கிடங்காக மாறியிருந்தது. அதைக் காலி செய்யச் சொல்லித் தீயணைப்புத் துறை முன்பே எச்சரித்திருந்தது. பக்கத்துப் பஞ்சானன்தலா குடிசைப் பகுதிக்காரர்கள்தான் முதலில் புகையைப் பார்த்து ஓடிவந்தார்கள். காவலாளிகள் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு கண்ணாடியை உடைத்து நோயாளிகளைத் தூக்கி இறக்கியதிலும் அந்த மக்களுக்குப் பெரிய பங்குண்டு. இறந்தவர்கள் சுமார் 90 பேர். நோயாளிகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட கேரள செவிலியர் இருவரும் அதில் அடக்கம்.

தீ அடித்தளத்தை விட்டு மேலே பெரிதாக வரவில்லை. வந்தது புகை. ஏசி குழாய்கள், படிக்கட்டு, லிஃப்ட் போகும் கூண்டு, கேபிளும் குழாயும் ஏறும் செங்குத்துச் சந்துகள் என்று ஒரு பல்மாடிக் கட்டடத்தில் இருக்கும் வழிகள் எல்லாம் அடித்தளத்தில்தான் தொடங்குகின்றன. நாலாபுறமும் கண்ணாடி பூட்டிய குளிர்சாதனக் கட்டடம். ஏறிய புகைக்கு வெளியேற இடமில்லை. எலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தவர்களுக்கும் இல்லை.

புகை ஏன் இவ்வளவு அவசரமாக மேலே ஓடுகிறது? சூடான காற்று லேசானது என்று பள்ளியில் படித்ததுதான். 600 டிகிரி செல்சியஸில் காற்றின் அடர்த்தி சாதாரண அறைக் காற்றின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கு. அது கீழ்மாடியில் ஒரு செங்குத்துச் சந்தைக் கண்டுபிடித்துவிட்டால் அந்தச் சந்தே புகைபோக்கி ஆகிவிடும். கீழிருந்து புதுக் காற்றை உறிஞ்சும், மேலே புகையைத் தள்ளும். படியில் ஆள் ஏறும் வேகத்தைவிடப் புகை ஏறும் வேகம் அதிகம். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கைச் சற்றுத் தாண்டினாலே இரண்டு மூன்று மூச்சில் நினைவு தப்பும், சில நிமிடத்தில் உயிர் போகும். பிவிசி கேபிள் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் சேர்ந்து வந்து கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். எதிரே கதவு இருந்தாலும் தெரியாது.

இதற்குக் கட்டடக் கலை கண்டுபிடித்த பதில் மிகப் பழையது: கட்டடத்தை அறை அறையாகப் பிரி, ஓர் அறையில் பிடித்த தீ அந்த அறையிலேயே இரண்டு மணி நேரம் கிடக்கட்டும், அதற்குள் மற்றவர்கள் வெளியேறட்டும். கான்கிரீட் தளமும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் இதைச் சுலபமாகச் செய்யும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்தச் சுவரில் எலக்ட்ரீஷியன் ஒரு துளை போடுகிறார். பிளம்பர் ஒன்று. ஏசி மெக்கானிக் ஒன்று. பிறகு சிசிடிவி, பிறகு இன்டர்நெட். ஒவ்வொருவரும் தமக்குத் தேவையானதைவிட ஒரு விரல்கடை அதிகமாகவே குடைவார்கள், கேபிளை இழுக்கத் தோதாக இருக்கவேண்டுமே. இரண்டு மணி நேரம் தாங்கும் சுவர், அந்தத் துளை இருக்கும்வரை, துளை தாங்கும் நேரம் மட்டுமே தாங்கும். அதாவது ஒரு நிமிடம்கூட இல்லை.

1975 பிப்ரவரி 13 இரவு, நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்து வடக்குக் கோபுரத்தில் 11ஆம் மாடியில் தீ பிடித்தது. தளத்தில் டெலிபோன் கேபிளுக்காக விட்டிருந்த திறப்புகள் அடைக்கப்படாமலே இருந்தன. தீ அவற்றின் வழியே மேலும் கீழுமாகப் பல மாடிகளுக்குப் போனது. அதன் பிறகுதான் அங்கே அந்தத் திறப்புகளை அடைத்தார்கள். உலகத்திலேயே உயரமான கட்டடங்களில் ஒன்றைக் கட்டியவர்களுக்கும் ஓட்டையை அடைக்கத் தோன்றாமல் போயிருக்கிறது.

சரி, எதை வைத்து அடைப்பது? சிமென்ட் கலவை போதாதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். இரும்புக் குழாய் ஒன்று போகிறது, சுற்றி ஓர் அங்குல இடைவெளி, குழாய் அசையாது, அதில் புதிதாக எதையும் நுழைக்கப் போவதில்லை என்றால் சிமென்ட் நன்றாகவே வேலை செய்யும். கேபிள் கட்டு என்றால் கதை வேறு. கேபிளின் மேலுறை பிளாஸ்டிக். தீ வந்ததும் அது உருகி எரிந்து போகும். உள்ளே செம்புக் கம்பி மட்டும் நிற்கும், சிமென்டுக்கும் கம்பிக்கும் நடுவே உறை இருந்த அளவுக்கு ஓட்டை பிறக்கும். பத்து, இருபது கேபிள் என்றால் பத்து, இருபது ஓட்டை. கழிவுநீர் போகும் பிவிசி குழாய் இன்னும் மோசம். சுமார் 80 டிகிரியிலேயே அது இளகத் தொடங்கிவிடும். 110 மில்லிமீட்டர் குழாய் உருகி விழுந்தால் தளத்தில் கை நுழையும் அளவுக்குத் துளை. சுற்றிலும் எவ்வளவு கெட்டியாகச் சிமென்ட் பூசியிருந்தாலும் பயனில்லை.

ஆகவே நமக்கு வேண்டியது சூடு பட்டதும் தானே உப்பி இடத்தை நிரப்பும் பொருள். தீபாவளிக்குப் பாம்பு மாத்திரை கொளுத்தியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு சின்ன கறுப்பு வில்லை, நெருப்பு காட்டியதும் பொருபொருவென்று சாம்பல் பாம்பாக நீளுமே, அதே தத்துவம்தான். உப்பும் வகைப் பூச்சுகளிலும் சீலன்டுகளிலும் அம்மோனியம் பாலிபாஸ்பேட், பென்டாஎரித்ரிட்டால், மெலமின் போன்றவை சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று அமிலம் தரும், ஒன்று கரி தரும், ஒன்று வாயு தரும். மூன்றும் சேர்ந்து நுரைத்த கரியாகி இறுகும். இன்னொரு வகையில் அமிலத்தில் ஊறவைத்துப் பதப்படுத்திய கிராஃபைட் இருக்கும். 200 டிகிரி சுமாருக்கு வந்ததும் அதன் அடுக்குகள் விரிந்து பல மடங்கு பருக்கும். வெறும் நுரை போலப் பொங்காமல் அழுத்தத்தோடு விரிவது இதன் சிறப்பு.

பிவிசி குழாய்க்கு இதைத்தான் வளையமாகப் போடுகிறார்கள். இரும்புத் தகட்டு வளையம், உள்ளே கிராஃபைட் பட்டை. குழாயைச் சுற்றி மாட்டி, தளமானால் அடிப்பக்கத்தில், சுவரானால் இரண்டு பக்கமும், இரும்பு ஆணியால் பொருத்த வேண்டும். தீ வந்தால் வெளியே போக இரும்பு விடாததால் பட்டை உள்பக்கமாக விரிந்து, இளகிய குழாயை நெரித்து மூடிவிடும். இதை பிளாஸ்டிக் பிளக் வைத்த திருகாணியில் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பிளக் உருகி, வளையம் கழன்று தரையில் விழும். விலை உயர்ந்த பொருளைப் பத்து பைசாத் திருகாணி கெடுக்கும் இடம் இது.

பெரிய திறப்பு, அதன் நடுவே கேபிள் தட்டு போகிறது என்றால் ராக் வூல் பலகை. எரிமலைப் பாறையை உருக்கிப் பஞ்சாக நூற்றுப் பலகையாக அழுத்தியது. 1000 டிகிரி தாண்டினாலும் உருகாது. அதன் மேல் உப்பும் பூச்சைத் தடவி, திறப்பின் அளவுக்கு வெட்டிச் செருகி, விளிம்புகளைச் சீலன்டால் மூடுவார்கள். கேபிள் மேலும் ஒரு நீளத்துக்கு அந்தப் பூச்சைப் பூசுவார்கள். பார்க்க அதே மாதிரி இருக்கும் கிளாஸ் வூலை வைத்து ஏமாற்றுபவர்கள் உண்டு. அது கண்ணாடி. 700 டிகிரிக்குள் உருகி வழிந்துவிடும். ஏசி குழாய்க்குக் குளிரைக் காக்கச் சுற்றுகிற பொருள் அது, தீயை நிறுத்துகிற பொருள் இல்லை.

சர்வர் அறை, டெலிபோன் அறை போல மாதத்துக்கு ஒரு கேபிள் புதிதாக வரும் இடங்களுக்கு, உப்பும் பொருள் நிரப்பிய சின்னத் தலையணைகள் கிடைக்கின்றன. அடுக்கி வைத்தால் போதும். கேபிள் இழுக்க எடுக்கலாம், திரும்ப வைக்கலாம். திரும்ப வைப்பார்களா என்பது வேறு விஷயம். அறையின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் தலையணைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஜிப்சம் பலகைக்கும் ஒரு வார்த்தை. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு படிகத்துக்குள் பூட்டிய தண்ணீர். சூடேறும்போது அந்த நீர் ஆவியாகும்வரை பலகையின் மறுபக்கம் 100 டிகிரிச் சுற்றுவட்டத்திலேயே நிற்கும். அதற்காக ஜிப்சத்திலிருந்து வரும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை (பி.ஓ.பி.) குழைத்து ஓட்டையில் அப்பிவிட்டால் ஆயிற்று என்று இல்லை. நீர் வற்றியதும் அது சுருங்கி வெடித்துப் பொலபொலவென்று உதிரும். வலையோ கண்ணாடி இழையோ இல்லாத பி.ஓ.பி. வெறும் அலங்காரம்.

ஏசி காற்றுக் குழாய்க்கு எதையும் அடைக்க முடியாது, காற்று போயாக வேண்டும். சுவரைக் கடக்கும் இடத்தில் குழாய்க்குள் ஒரு மடிப்புக் கதவு வைப்பார்கள். அதைத் திறந்து பிடித்திருப்பது 72 டிகிரி சுமாரில் உருகும் ஓர் உலோகக் கண்ணி. உருகியதும் ஸ்பிரிங் கதவை அறைந்து மூடும். ஆனால் குளிர்ந்த புகை அந்தக் கண்ணியை உருக்காது. உயிரை எடுப்பதோ பெரும்பாலும் தீயிலிருந்து தூரத்தில் வரும் அந்தப் புகைதான். அதனால் மருத்துவமனை, தியேட்டர் போன்ற இடங்களில் புகை உணரும் கருவியோடு இணைத்த, மோட்டாரால் மூடும் கதவுகள் வேண்டும். ஏசி இயந்திரமும் அதே நொடியில் நிற்கவேண்டும். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் கார் நிறுத்தத்து டிரான்ஸ்ஃபார்மரில் பிடித்த தீயின் புகை, படிக்கட்டு வழியாகவும் ஏசி வழியாகவும் பால்கனிக்கு ஏறி 59 பேரைக் கொன்றது. படம் பார்க்க வந்தவர்கள் நெருப்பைப் பார்க்கவே இல்லை.

இனி, பியூ ஃபோம், அதாவது பாலியூரித்தேன் நுரை. ஹார்ட்வேர் கடையில் டப்பாவில் கிடைக்கிறதே, அழுத்தினால் மஞ்சள் நுரையாகப் பீய்ச்சி ஓட்டையை அழகாக மூடுமே, அது. இந்தியாவில் கேபிள் ஓட்டையை அடைக்கிறார்கள் என்றால் பாதி இடத்தில் இதைத்தான் பார்க்கலாம். சாதாரண பியூ ஃபோம் எரியும். எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் விடும். ஓட்டையை அடைக்காமல் விடுவதை விட இது மோசம் என்பேன். ஓட்டை தெரிந்தால் யாராவது ஒருநாள் அடைப்பார்கள், ஃபோம் போட்ட இடத்தை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இளஞ்சிவப்பு நிறத்தில் தீத்தடுப்பு என்று எழுதிய ஃபோமும் வருகிறது. அதற்கும் சோதனைச் சான்று பெரும்பாலும் குறுகலான நீள் இடைவெளிகளுக்குத்தான். டப்பாவின் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படிக்காமல் கேபிள் திறப்பில் அடிக்கக் கூடாது.

ஃபோம் செய்த வினைக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 1975 மார்ச் 22, அமெரிக்காவின் அலபாமாவில் பிரௌன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். கேபிள் போகும் துளைகளைப் பாலியூரித்தேன் ஃபோமால் அடைத்துக்கொண்டிருந்தார்கள். காற்று கசிகிறதா என்று பார்க்க ஒரு தொழிலாளி மெழுகுவர்த்தியைக் காட்டினார். கசிவு இருந்தது. சுடர் உள்ளே இழுக்கப்பட்டு ஃபோம் பற்றிக்கொண்டது. ஏழு மணி நேரம் எரிந்து 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமாயின. அணு உலையின் அவசரக் குளிர்விப்பு அமைப்புகள் பல செயலிழந்தன. ஓட்டையை அடைத்த பொருளே தீயின் தொடக்கம் ஆயிற்று. கேபிள் திறப்புகளின் அடைப்பைச் சோதித்துச் சான்று தரும் முறைகள் உலகெங்கும் கறாரானதற்கு இந்த ஒரு மெழுகுவர்த்திக்கு நன்றி சொல்லவேண்டும்.

நம் நாட்டிலும் ஒன்று. 1993 மார்ச் 31, உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையம். டர்பைன் தகடு முறிந்து ஹைட்ரஜன் கசிந்து தீ மூண்டது. தீ கேபிள்களைப் பிடித்துக்கொண்டு பரவியது. புகை கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்ததால் பணியாளர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. சுமார் 17 மணி நேரம் நிலையம் முழுக்க மின்சாரம் இல்லாமல் கிடந்தது. உலையை மூடிக் குளிர்வித்துக் காப்பாற்றிவிட்டார்கள் என்பதால் ஊர் அதை மறந்துவிட்டது. அணுசக்தித் துறை மறக்கவில்லை. கேபிள்களைப் பிரித்துப் போடுவதும் அவற்றின் வழியில் தீத்தடுப்பு அடைப்புகளை வைப்பதும் அங்கே அதன் பிறகு கட்டாயப் பாடம் ஆயின. அணுமின் நிலையத்தில் கற்றதை மருத்துவமனைக்கும் விடுதிக்கும் கொண்டுவர நமக்கு மனம் வரவில்லை.

சட்டத்தில் குறை இருக்கிறதா? எழுத்தில் இல்லை. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் நான்காம் பகுதி முழுக்கத் தீப் பாதுகாப்புதான். கேபிளும் குழாயும் போகும் ஷாஃப்ட் 120 நிமிடம் தாங்க வேண்டும், கேபிளுக்கும் சுவருக்கும் தளத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை 120 நிமிடம் தாங்கும் நிரப்புப் பொருளால் அடைக்க வேண்டும் என்று பச்சையாகவே சொல்கிறது. தொகுப்பு தானாகச் சட்டம் ஆகிவிடாது, மாநில அரசும் மாநகராட்சியும் தங்கள் விதிகளில் ஏற்க வேண்டும். ஏற்ற இடங்களிலும் ஆய்வுக்கு வருபவர் பார்ப்பது கண்ணில் படுவதை: சிவப்பு சிலிண்டர், தண்ணீர்த் தொட்டி, பம்ப், ஹோஸ். ஃபால்ஸ் சீலிங் பலகையைத் தூக்கி மேலே டார்ச் அடித்துப் பார்க்கும் அதிகாரி அபூர்வம்.

120 நிமிடம் என்று டப்பாவில் எழுதியிருந்தால் போதுமா? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு சீலன்டுக்குத் தனியாக நிமிடக் கணக்கு கிடையாது. சோதனையில் ஒரு முழு அமைப்பையே உலையில் வைக்கிறார்கள்: இன்ன கனச் சுவர், இன்ன அளவுத் துளை, அதில் இன்ன வகைக் கேபிள், பின்னால் ராக் வூல் இத்தனை மில்லிமீட்டர், முகப்பில் சீலன்ட் இத்தனை மில்லிமீட்டர். உலை ஐந்து நிமிடத்தில் 576 டிகிரி, அரை மணியில் 842, ஒரு மணியில் 945, இரண்டு மணியில் 1,049 டிகிரி என்ற கோட்டில் ஏறும். மறுபக்கத்தில் இரண்டு விஷயம் பார்ப்பார்கள். சுடரோ சூடான வாயுவோ வெளியே வருகிறதா என்பது ஒன்று. பிளவின் அருகே பஞ்சைப் பிடித்துப் பார்ப்பார்கள், பற்றினால் தோல்வி. மறுபக்கத்தின் வெப்பம் 180 டிகிரிக்கு மேல் கூடுகிறதா என்பது மற்றொன்று. செம்பு சூட்டை நன்றாகக் கடத்தும். தீ கடக்காவிட்டாலும் சூடு கம்பி வழியே போய் மறுபக்கத்துக் காகிதக் கட்டைக் கொளுத்திவிடலாம். அதனால் இரண்டுக்கும் தனித்தனி நிமிடம் எழுதுவார்கள். புகைக் கசிவுக்கு மூன்றாவதாக ஓர் அளவும் சில சான்றுகளில் இருக்கும், மருத்துவமனைக்கு அதைக் கட்டாயம் கேட்கவேண்டும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்கென்றே ஐ.எஸ். 12458 என்ற சோதனை முறையை வைத்திருக்கிறது. ரூர்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் தீ உலைகள் உண்டு. வெளிநாட்டுச் சான்றோடு வரும் பொருள்களும் ஏராளம். எந்தச் சான்றானாலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் சுவரும் என் துளையும் என் கேபிளும் இதில் இருக்கின்றனவா? கான்கிரீட் சுவரில் சோதித்ததை ஜிப்சம் தடுப்பில் பயன்படுத்தினால் அந்தச் சான்று வெறும் காகிதம்.

கொல்கத்தாவுக்கு என்று தனிச் சங்கடங்களும் உண்டு. அங்கே ஈரம் சாதாரணமானது இல்லை. உப்பும் பொருள்களில் சோடியம் சிலிகேட்டை வைத்துச் செய்தவை ஈரத்தையும் காற்றின் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சி வருடக் கணக்கில் உப்பும் சக்தியை இழக்கும். கிராஃபைட் வகைக்கு இந்தத் தொல்லை குறைவு. வாங்கும்போது ஈரத்தில் வைத்துப் பழையதாக்கிச் சோதித்தார்களா என்று கேட்கலாம். நீர் அடிப்படையிலான அக்ரிலிக் சீலன்ட் மழைச் சாரல் படும் இடத்துக்கு ஆகாது, அங்கே சிலிகோன் வகை. எலிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். புர்ராபஜார் போன்ற சரக்குச் சந்தைக் கட்டடத்தில் மென்மையான எந்த அடைப்பையும் அவை விட்டுவைக்காது. அங்கெல்லாம் வெர்மிகுலைட் கலந்த தீத்தடுப்புக் கலவையே நிற்கும்.

பழைய வட கொல்கத்தா வீடுகளையும் வணிகக் கட்டடங்களையும் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மின் மீட்டர்கள் வரிசையாக மாட்டியிருப்பது படிக்கட்டின் அடியில். அங்கிருந்து கேபிள்கள் கொடிபோலப் படிக்கட்டுச் சுவரோடு ஏறும். கட்டடத்தில் தீப்பிடிக்க அதிக வாய்ப்புள்ள இடமும், எல்லோரும் இறங்கி ஓடவேண்டிய ஒரே வழியும் ஒன்றாக அமைந்துவிட்டன. இதற்கு எந்த சீலன்டும் மருந்தில்லை. மீட்டர்களை வெளிச்சுவருக்கோ, செங்கல் சுவரும் தீக்கதவும் உள்ள தனி அறைக்கோ மாற்றவேண்டும். மாற்ற முடியாவிட்டால், மீட்டர் பலகைக்குச் சுற்றிலும் தீத்தாங்கும் பலகைப் பெட்டி கட்டி, கேபிள் வெளியேறும் இடத்தை முறையாக அடைக்கலாம். முழுத் தீர்வு ஆகாது, இருந்தும் ஓடுவதற்குச் சில நிமிடம் கிடைக்கும்.

2018 செப்டம்பர் 16 அன்று கேனிங் ஸ்ட்ரீட்டில் பாக்ரி மார்க்கெட் தீப்பற்றி மூன்று நாளுக்கு மேல் எரிந்ததற்கு, கடைக்குக் கடை தடுப்பு என்ற பெயரில் நின்றவை தீயை நிறுத்தவில்லை என்பதும், உள்ளே சரக்கு அடைத்துக் கிடந்தது என்பதும் சேர்ந்தே காரணம். ஞாயிறு அதிகாலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. அதே இடம் வியாழக்கிழமைப் பகலில் பற்றியிருந்தால் என்னாகும் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

படிக்கட்டும் லிஃப்டும்தான் ஒரு கட்டடத்தின் மிகப் பெரிய ஓட்டைகள். அவற்றை அடைக்க முடியாது, கதவுதான் போடவேண்டும். தானாக மூடிக்கொள்ளும் தீக்கதவு. அதன் விளிம்பில் ஒரு கறுப்புப் பட்டை ஓடும், அதுவும் உப்பும் பொருளே. சூடு பட்டால் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள சந்தை அது மூடும். பூந்தொட்டியையோ மடித்த அட்டையையோ முட்டுக்கொடுத்து அந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்கும் வழக்கம் அலுவலகங்களில் இருக்கிறது, காற்று வரவேண்டும் என்று. அப்போது சுவரில் அடைத்த அத்தனை சீலன்டும் வீண். கண்ணாடி முகப்புக் கட்டடத்தில் இன்னொரு மறைவான வழி: தளத்தின் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி தரையிலிருந்து மொட்டை மாடிவரை ஓடும். அங்கே ராக் வூலை இறுக்கிச் செருகி, மேலே வளைந்துகொடுக்கும் புகைத்தடைப் பூச்சு அடிக்கவேண்டும். வெயிலிலும் காற்றிலும் கண்ணாடிச் சட்டம் அசையும், அந்த அசைவைத் தாங்காத அடைப்பு ஓராண்டில் பிளந்துவிடும்.

இத்தனைக்கும் பொருள் பஞ்சம் எதுவும் இல்லை. விலையும் ஒரு கட்டடத்தின் மொத்தச் செலவில் சொற்பம். பஞ்சமெல்லாம் பொறுப்புக்கு. துளை போட்டவர் எலக்ட்ரீஷியன், அடைப்பது சிவில் வேலை என்பார். சிவில் காண்டிராக்டர் அது தன் கணக்கில் இல்லை என்பார். கட்டடம் ஒப்படைத்த பிறகு வரும் இன்டர்நெட் ஆளுக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. சான்று வாங்கிய நாளில் சரியாக இருந்த கட்டடம் மூன்றாம் ஆண்டில் சல்லடை ஆகிவிடுகிறது.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்கள் இதை ஒரு விடுமுறை நாளில் சோதித்துவிடலாம். ஒவ்வொரு மாடியிலும் மின் ஷாஃப்ட் கதவைத் திறந்து தளத்தைப் பாருங்கள். கீழ்மாடியில் ஒருவர் டார்ச் அடிக்க, மேலே வெளிச்சம் தெரிந்தால் அங்கே அடைப்பு இல்லை. மஞ்சள் நுரை இருந்தால் அடைப்பு இல்லாததாகவே கணக்கு வையுங்கள். ஷாஃப்டுக்குள் துடைப்பம், பெயின்ட் டப்பா, பழைய அட்டைப்பெட்டி இருந்தால் அன்றே வெளியேற்றுங்கள். அடைப்பு வேலையை யாரிடம் கொடுத்தாலும் எந்தச் சோதனைச் சான்றின்படி, எத்தனை நிமிடம், யார், எந்தத் தேதியில் என்று எழுதிய சிறு அட்டையை ஒவ்வொரு அடைப்பின் பக்கத்திலும் ஒட்டச் சொல்லுங்கள், மூடுவதற்கு முன்பும் பின்பும் படம் எடுத்துக் கோப்பில் வையுங்கள். புதிதாகக் கேபிள் இழுக்க வருகிற எந்த நிறுவனத்துக்கும் துளையிட எழுத்தில் அனுமதி, அடைத்த படத்தைக் காட்டினால்தான் பணம் என்று வேலை உத்தரவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை அந்த அட்டைகளின் வரிசைப்படியே போய்ப் பார்த்து, எலி கடித்ததையும் பிளந்ததையும் குறித்துக்கொண்டு வந்தால் அடுத்த ஆண்டு வேலைக்கான பட்டியல் கையில் இருக்கும்.